மழைக்காலச் சளியும் மிதமான உடற்பயிற்சியும்: வடசென்னையில் வாழ்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் எந்த கிளினிக்கை எட்டிப் பார்த்தாலும் கூட்டம்தான். வீட்டில் ஒருவர் இரும ஆரம்பித்தால் நாலைந்து நாளில் மற்றவர்களும் இருமுகிறார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் வேறென்ன நடக்கும்? 2020 மே மாதம் கொரோனா பரவியபோது சென்னை மண்டலங்களிலேயே அதிகத் தொற்று பதிவானது ராயபுரம் மண்டலத்தில்தான். நெருக்கமாக வாழும் ஊரில் மூச்சுவழி பரவும் வைரஸுக்கு வழி சுலபம்.

இந்த நெருக்கத்தை நாளைக்கே மாற்ற முடியாது. ஆனால் வைரஸ் உள்ளே புகுந்த பிறகு உடம்பு அதை எப்படிச் சமாளிக்கிறது என்பதில் நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மிதமான உடற்பயிற்சியை விடாமல் செய்வது. இதற்கு ஜிம் வேண்டாம், பவுடர் வேண்டாம், செலவும் கிடையாது. அளவு தெரிய வேண்டும், நல்ல காற்று கிடைக்கும் நேரம் தெரிய வேண்டும், எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் பலன் குறையும். சில சமயம் கெடுதலாகவும் முடியும்.

முதலில், எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

'தினம் நடந்தால் சளியே வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. அவை சொல்வதே நமக்குப் போதுமான அளவு நல்ல செய்திதான்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேவிட் நீமன் குழு 1,002 பேரை 12 வாரம் கவனித்து 2011இல் முடிவை வெளியிட்டது. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ பயிற்சி செய்தவர்கள் சளித்தொல்லையோடு கழித்த நாட்கள், உட்கார்ந்தே இருந்தவர்களைவிட 43 சதவீதம் குறைவு. கவனித்துப் பார்த்த ஆய்வு இது. பயிற்சி செய்கிறவர்கள் வேறு விதத்திலும் ஆரோக்கியமாக இருந்திருக்கலாம். அதனால், ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனைகளையும் பார்க்க வேண்டும். அவற்றைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2020இல் சொன்னது: சளி பிடிக்கும் தடவைகள் குறைந்ததாக உறுதியாகத் தெரியவில்லை, ஆனால் வரும்போது அதன் கடுமை குறையலாம். கொரோனா விஷயத்தில் தெற்கு கலிபோர்னியாவில் 48,440 நோயாளிகளை ஆராய்ந்து 2021இல் வந்த கட்டுரை இன்னும் அழுத்தமாகப் பேசுகிறது. வாரம் 150 நிமிடத்துக்கு மேல் உடலுழைப்பு உள்ளவர்களோடு ஒப்பிட்டால், அசையாமல் இருந்தவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இறக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

என் கணிப்பில் இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: நடை வைரஸைத் தெருவில் தடுக்காது, ஆனால் அது வந்தபின் நம்மைப் படுக்கையில் தள்ளாமல் இருக்க உதவுகிறது.

காரணமும் ஓரளவு தெரியும். வேகமாக நடக்கும்போது அட்ரினலின் கூடுகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது. மண்ணீரலிலும் ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் ஒதுங்கிக் கிடந்த வெள்ளணுக்கள், குறிப்பாக இயற்கைக் கொல்லி செல்களும் டி செல்களும், ரத்தத்தில் இறங்கி ரோந்துப் போலீஸ் போல உடம்பெங்கும் சுற்றி வருகின்றன. பயிற்சி முடிந்த கொஞ்ச நேரத்தில் அவை ரத்தத்திலிருந்து விலகி நுரையீரல் போன்ற இடங்களுக்குப் போய்விடுகின்றன. ஒருநாள் நடந்தால் ஒருநாள் ரோந்து. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் மைதானத்தில் ஓடுவதைவிட, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பது மேல்.

உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

மிதமானது எது என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள் நிமிடத்துக்கு 100 காலடி என்று வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் ஆயிரம் காலடி. வயதானவர்களுக்கும் உடல் கனத்தவர்களுக்கும் அதைவிடக் குறைவான வேகத்திலேயே மூச்சு வாங்கும். அவர்களுக்கு அதுதான் மிதம். பக்கத்து வீட்டுக்காரரின் வேகம் உங்களுக்கு அளவாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி.

இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம், நடந்தால் நெஞ்சு இறுகுவது, அடிக்கடி தலைசுற்றல் ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரஷரும் சுகரும் இலவசமாகப் பார்ப்பார்கள். வீசிங் இருப்பவர்கள் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

காசிமேட்டில் கூடை சுமக்கிற அக்காவும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற அண்ணனும் கேட்பது நியாயமான கேள்வி: 'நாள் பூரா உழைக்கிறேன், எனக்கெதுக்கு வாக்கிங்?' உண்மையில் அவர்களுக்கு இன்னும் அதிக உழைப்பு தேவையில்லை. சுமை தூக்கும் வேலை, இதயமும் மூச்சும் சீராக ஏறி இறங்கும் நடையைப் போன்றதல்ல. ஓய்வில்லாமல் தொடரும் சுமை உடம்பைத் தேய்க்கிறது. அவர்களுக்கு முதல் மருந்து ஏழு மணி நேரத் தூக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும்தான். இந்த வழிகாட்டி பெரும்பாலும் ஆட்டோ ஓட்டுகிறவர், தையல் மெஷினில் உட்காருகிறவர், கடைக் கல்லாவில் இருப்பவர், கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பிள்ளைகள், வீட்டுக்குள்ளேயே முடங்கிய பெரியவர்கள் ஆகியோருக்கு.

காற்றைப் பார்த்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

மற்ற ஊர்க்காரர்களுக்கு எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, அல்லது ஒரு வரியில் முடிந்துவிடும். நமக்கு இதுதான் முக்கியம். மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரம், ரசாயனத் தொழிற்சாலைகளும். வடக்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள். நடுவில் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. கடலோரமாகத் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள். 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கிறோம். வேக நடையில் அது நாலு மடங்கு வரை ஏறும். மூச்சு வாங்கி வாய் திறந்தால், மூக்கு வடிகட்ட வேண்டிய தூசும் நேராக உள்ளே போகும். புகை எரிச்சலூட்டிய சுவாசக்குழாயில் வைரஸ் ஒட்டுவதும் எளிது. அதனால் கெட்ட காற்றில் நடப்பது, எதற்காக நடக்கிறோமோ அதற்கே எதிராகப் போகும். தொழிற்சாலைகளையும் லாரிகளையும் கட்டுப்படுத்த வேண்டியது அரசின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை நம் மூச்சை நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நடையை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருப்பதால் புகை மேலே எழும்பாமல் தெருவிலேயே தங்குகிறது. பனி என்று நாம் நினைப்பதில் பாதி புகை. வெயில் ஏறி அது கலைந்த பிறகு, எட்டு மணிக்கு மேல் உள்தெருக்களில் நடக்கலாம்; இல்லாவிட்டால் சாயங்காலம் நாலரை மணி வாக்கில். போகி அன்றும் மறுநாள் காலையும் வெளியே நடை வேண்டாம். டயர் கொளுத்தும் வழக்கம் குறைந்தாலும் இன்னும் ஒழியவில்லை.

பங்குனி தொடங்கி ஆனி வரை கதை மாறும். அப்போது வெயில்தான் எதிரி. காலை ஆறு மணிக்குள் கிளம்பி ஏழுக்குள் திரும்பிவிடுங்கள். சாயங்காலமென்றால் கடல்காற்று இறங்கிய பிறகு. அதிலும் ஒரு விவரம் உண்டு. கடல்காற்று கிழக்கிலிருந்து வருவதால் திருவொற்றியூர், காசிமேடு கரையோரத்துக்கு நல்லது; அதே காற்று மணலிப் புகையை மாதவரம் பக்கம் தள்ளும். இரவிலும் விடியற்காலையிலும் நிலக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மணலி வாடை திருவொற்றியூருக்கு வரும். உங்கள் தெரு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மணலி, கொடுங்கையூர், ராயபுரம் மூன்று இடங்களிலும் காற்றுத்தர அளவீட்டு நிலையங்கள் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில், காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எண்ணைப் பார்க்கலாம். 100 வரை கவலையில்லாமல் நடங்கள். 101 முதல் 200 வரை என்றால் பெரியவர்களும் வீசிங் இருப்பவர்களும் வேகத்தையும் நேரத்தையும் குறைக்க வேண்டும். 200 தாண்டினால் எல்லாரும் வீட்டுக்குள்ளேயே செய்யலாம். எண் எதுவானாலும் மூக்கில் காரம் ஏறினால், கண் எரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இடம்: எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி சாலையிலும் லாரிக்குப் பக்கத்தில் நடக்காதீர்கள். பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனாலே வித்தியாசம் தெரியும். ராயபுரத்துக்காரர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது; 1949இல் தி.மு.க. தொடங்கப்பட்ட அதே இடம். பெரம்பூரில் மேம்பாலத்தை ஒட்டி முரசொலி மாறன் பூங்கா, மாதவரத்தில் தாவரவியல் பூங்கா. திருவொற்றியூரில் தியாகராஜ சுவாமி கோயில் மாட வீதிகள். பூங்கா எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடி போதும். முப்பது அடி நீள மாடியில் எட்டு போட்டு நடந்தாலும் கால்களுக்கும் இதயத்துக்கும் அது நடைதான்.

எட்டு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நேரம் தவறாமல் கிளம்பும் பழக்கம் வந்தால் போதும். மூன்றாவது, நாலாவது வாரம் அதையே பதினைந்து நிமிடமாக்குங்கள், நடுவில் ஐந்து நிமிடம் மட்டும் பேச்சுக்குச் சற்று மூச்சு முட்டும் வேகம். ஐந்திலிருந்து ஒரே தடவையாக முப்பது நிமிடம்: முதல் ஐந்தும் கடைசி ஐந்தும் மெதுவாக, நடுவில் இருபது நிமிடம் மிதமாக. ஏழாவது வாரத்துக்குப் பிறகு விரும்பினால் நாற்பது. அதற்கு மேல் இந்த நோக்கத்துக்குத் தேவையில்லை. ஆடியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் உடம்பு பழகியிருக்கும்.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, அரைக் குடம் தண்ணீரை இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்குவது பத்து. இதை இரண்டு சுற்று. ஹவுசிங் போர்டு வீட்டில் மூன்றாவது மாடியில் இருப்பவர்களுக்குப் படிக்கட்டே ஜிம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ வந்தது. ஏறும்போது எஸ்கலேட்டரை விட்டுப் படியில் ஏறலாம். முழங்கால் வலி இருப்பவர்கள் படியைத் தவிர்த்து நாற்காலிப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மழை நாளில் தேங்கிய சாக்கடைத் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி நடப்பது மூன்று நிமிடம், ஒரு நிமிடம் ஓய்வு, ஐந்து சுற்று. மழையில் நனைந்தால்தான் சளி வரும் என்பதில்லை. சளிக்குக் காரணம் வைரஸ். மழைக்கு ஒதுங்கி ஜன்னல் சாத்திய அறைக்குள் எல்லாரும் அடைந்து கிடப்பதுதான் அதற்கு வசதி. அதனால் வீட்டுக்குள் பயிற்சி செய்யும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

நடை முடிந்ததும் டீக்கடையில் நெருக்கியடித்து நிற்பதும், வேர்த்த கையால் மூக்கைத் துடைப்பதும் நம்மிடம் உள்ள கெட்ட பழக்கங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு டீ குடியுங்கள். இருமுகிறவர் அன்றைக்குக் கூட்டத்தோடு நடக்க வர வேண்டாம். யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

அளவு மீறினால்

நீமன்தான் இதையும் கண்டார். 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானில் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரத்தில் நோய்வாய்ப்பட்டதாகச் சொன்னார்கள். அதே அளவு பயிற்சி செய்தும் ஓட்டத்தில் கலந்துகொள்ளாதவர்களில் 2.2 சதவீதம் மட்டுமே. கடும் உழைப்பு எதிர்ப்புச் சக்தியை உண்மையிலேயே அடக்குகிறதா, அல்லது கூட்டம், தூக்கக் குறைவு, பயணம், பதற்றம் எல்லாம் சேர்ந்து செய்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. எதுவானாலும் நமக்கான பாடம் ஒன்றுதான்.

இதைக் குறிப்பாகப் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் தம்பி தங்கைகளுக்கும், வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிறவர்களுக்கும், ராயபுரம் பக்கம் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு வேளையும் மூச்சு முட்ட ஓடாதீர்கள். எடை குறைக்கப் பட்டினி கிடந்துகொண்டு கடும் பயிற்சி செய்யாதீர்கள். கடினமான நாளுக்கு மறுநாள் லேசான நாள். எட்டு மணி நேரத் தூக்கம். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட நிமிடத்துக்குப் பத்து கூடியிருந்தால், கால் கனத்தால், காரணமில்லாமல் எரிச்சல் வந்தால் அன்று ஓய்வு எடுங்கள். பயிற்சியாளர் திட்டினாலும் பரவாயில்லை.

சளி பிடித்துவிட்டால்

மூக்கு ஒழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் பாதி வேகத்தில், தனியாக, பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கலாம். 1998இல் ஒரு சோதனையில் தன்னார்வலர்களுக்குச் சளி வைரஸைச் செலுத்தி, ஒரு பகுதியினரை மிதமாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். அவர்களுக்குச் சளி அதிகமாகவும் இல்லை, சீக்கிரம் போகவும் இல்லை. 'ஓடி வேர்த்தால் சளி கரைந்துவிடும்' என்பது உண்மையல்ல.

கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதாவது நெஞ்சுச் சளி, ஆழமான இருமல், உடம்பு வலி, காய்ச்சல் என்றால், முழு ஓய்வு. இதில் பிடிவாதம் கூடாது. சில வைரஸ்கள் இதயத் தசையைத் தாக்கக்கூடியவை. காக்சாக்கி வைரஸ் தொற்றிய எலிகளை நீந்த வைத்தபோது அவற்றின் இதயச் சேதம் மிகவும் கூடியதை 1970லேயே கண்டார்கள். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு மைதானத்துக்குப் போவது உயிரோடு விளையாடுவது.

மாத்திரையில்லாமல் காய்ச்சல் விட்ட பிறகு, ஃப்ளூ அல்லது கொரோனா என்றால் எல்லாத் தொல்லையும் அடங்கி ஒரு வாரம் பொறுங்கள். பிறகு முதல் வாரத் திட்டத்தின் பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான இளைப்பு வந்தால் நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போவது, குழப்பமாகப் பேசுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள், அல்லது நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்க வேண்டாம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; அரசு மருத்துவமனையில் இலவசம்.

தடுப்பூசியும் நடையும்

அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், வீசிங், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மழைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், ஆண்டுதோறும் போட வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதியவர்களைப் பத்து மாதம் சீராகப் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தபோது, ஃப்ளூ தடுப்பூசியின் பாதுகாப்பு அவர்களில் அதிகம் பேருக்கு நீண்ட காலம் நிலைத்தது. வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களுக்கு ஊசி போட்டுவிட்டு அதோடு விடாதீர்கள். சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கை பிடித்து அழைத்துப் போய்ப் பத்து நிமிடம் நடக்க வையுங்கள். மாடிப்படி ஏற முடியாதவர்களுக்கு வீட்டு நடையிலேயே, சுவரைப் பிடித்தபடி, காலையில் ஐந்து, மாலையில் ஐந்து நிமிடம்.